கேட்டில் ஓட்டையான டிரான்ஸ்பார்மர்

போன ஞாயிற்றுக்கிழமை என்னை எண்ணெய்க் கடத்தல்காரன் என்று லிங்கி பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கேட்டில் நிறுத்திவைத்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகிறான் என்ற சந்தேகம் வந்தாலே போதும்... மலாயாவின் இந்த அவசரகாலத்தில் பத்திரிகையில் பத்தி எழுதுகிற ஆள் என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் நான் கொண்டுபோனது எண்ணெய் அல்ல. ஏர்கண்டிஷனுக்கு ஒரு துணைச் சாமான்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் தங்கை கமலாவை அந்த எஸ்டேட் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவுக்கு, அதாவது பெரிய கிராணிக்கு, கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இது எட்டாம் மாதம். பக்கத்துத் தோட்டத்தில் கிராணி வீட்டு ஜன்னலுக்குள் யாரோ சுட்டுவிட்டுப் போனதிலிருந்து, இங்கேயும் படுக்கையறை ஜன்னலுக்கு இரும்புத் தகடு அடித்து, வெளியே பாதி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். உள்ளே இருப்பது படுக்கையறையா, ரொட்டி சுடும் அடுப்பா? போன மாதம் கமலா மயங்கியே விழுந்துவிட்டாள்.

"பேசாம சிரம்பானுக்கு வந்துடும்மா" என்றேன்.

"இவரத் தனியா விட்டுட்டா? அங்க வந்து படுத்தா மட்டும் தூக்கம் வருமாண்ணே? எந்த நேரம் என்ன சேதி வருமோன்னுல்ல கெடப்பேன்" என்றாள்.

மாப்பிள்ளைக்கோ வேறு பயம். மறுபடி மயங்கி விழுந்தால் வயிற்றுப் பிள்ளை என்னாகும் என்று. அறை குளிர வேண்டும், இல்லையென்றால் அவள் சிரம்பானுக்குக் கிளம்ப வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கமலா அழுதாள்.

இந்த நேரத்தில்தான் சீமைக்குத் திரும்பிப்போகும் எஸ்டேட் துரை, தனக்கு ஒரு அமெரிக்க நண்பர் கொடுத்த ஜன்னல் ஏர்கண்டிஷனைப் பெட்டி பிரிக்காமலே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை விடுவாரா? தோட்டத்துக் கொல்லரை அழைத்து, இரும்புத் தகட்டில் அளவாகச் சதுரம் வெட்டி, மெஷினை அதில் உட்காரவைத்துவிட்டுத்தான் எனக்குச் சொல்லியனுப்பினார்.

எனக்கு எதையும் குனிந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. மெஷின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு. அதில் 115 வோல்ட் என்று போட்டிருந்தது. எஸ்டேட்டின் கரண்ட் எஞ்சின் கொடுப்பது 230.

"கரண்ட்டுன்னா கரண்ட்டுதானே மச்சான்? தண்ணியில எத்தன வகை இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

நியாயமான கேள்வி. அமெரிக்காக்காரன் ஏன் ஒரு கணக்கு வைத்துக்கொண்டான், வெள்ளைக்காரன் ஏன் நமக்கு இன்னொரு கணக்கில் கம்பி இழுத்தான்? இரண்டு பேரும் இங்கிலீஷ்தானே பேசுகிறார்கள்? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

சிரம்பானில் மின்சாரச் சாமான் விற்கும் சீனக் கடைக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். நன்றாகத் தமிழ் பேசுவார்.

"அப்படியே மாட்டினா ஓடும்லா. கொஞ்ச நேரம் ரொம்ப நல்லா ஓடும். அப்புறம் பொகை" என்றார். அதோடு விடவில்லை. "பிளக் எங்க மாட்டுவே? பல்பு மாட்டற எடத்துலயா?"

அங்கேதான் என்றேன். நம் வீடுகளில் இஸ்திரிப் பெட்டியையே பல்பு ஹோல்டரில்தானே மாட்டுகிறோம்? அந்த மெல்லிய ஒயர் இதற்குத் தாங்காதாம். எஞ்சின் கொட்டகையிலிருந்து தடித்த ஒயர் தனியாக இழுக்க வேண்டும், நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து 230-ஐப் பாதியாக்க வேண்டும் என்று விளக்கி, பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். நாலு பக்கமும் ஈயம் வைத்து அடைத்த தகர டப்பா. சூடு தணிய உள்ளே எண்ணெய் ஊற்றியிருக்கும் என்றும் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு டாக்சியில் ஏற்றினேன்.

இனி கேட்டுக்கு வருவோம். எஸ்டேட் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முள்கம்பி வேலிக்குள் போகும் எந்த டின்னையும் கேட்டிலேயே ஓட்டை போட்டுத்தான் விடுவார்கள். பால் டின், சார்டின் டின், எதுவானாலும். ஓட்டை விழுந்த டின் சீக்கிரம் கெட்டுப்போகும். பதுக்கிவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது.

கேட்டில் நின்றவர் ஒரு மலாய்க் காவலர். இளவயது, நல்ல மரியாதைக்காரர். என் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். கனம். ஆட்டிப் பார்த்தார். உள்ளே களக்களக் என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அடிப்பக்கம் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு.

எண்ணெய் வழிந்தது.

"மின்யா?" என்றார். எண்ணெயா என்கிறார். முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டது.

"புக்கான் மாக்கான்லா" என்றேன். சாப்பிடுகிற சாமான் இல்லை என்று. டின்னில் அடைத்த எண்ணெயைச் சாப்பிடுவதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்? டாக்சிக்காரன் என்னைத் தெரியாதவன்போல் தள்ளி நின்றுகொண்டான்.

ஆள் அனுப்பி மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். வோல்ட், டிரான்ஸ்பார்மர், 230, 115 என்று அவர் மலாயில் விளக்க விளக்க, காவலருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் மாப்பிள்ளை விரலால் தொட்டு நக்கிக் காட்டி, முகத்தைச் சுளித்துத் துப்பினார். காவலரும் நக்கிப் பார்த்தார். அவரும் துப்பினார். வழக்கு முடிந்தது.

ஆனால் டப்பா காலி. எண்ணெய் முழுதும் மண்ணுக்குப் போய்விட்டது. அந்த வகை எண்ணெய் எஸ்டேட்டில் கிடையாது. காய்ந்த டிரான்ஸ்பார்மரை மாட்டினால் வீட்டையே கொளுத்திவிடும். கரண்ட் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர், தன்னால் ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

வீட்டுக்குள் போனோம். மாப்பிள்ளை கமலாவின் முகத்தைப் பார்க்காமல், "துணிமணிய எடுத்து வை. மச்சானோட கெளம்பு" என்றார்.

கமலா ஜன்னலில் உட்கார்ந்திருந்த மெஷினையே பார்த்தாள். பிறகு, "அண்ணே, அத வெளிய எடுங்க" என்றாள்.

எடுத்தோம். கொல்லர் வெட்டிய சதுரம் வழியாக ரப்பர்க்காட்டுக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. கமலா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்துப் பல வாரமாகிறது.

"இது போதும். நான் எங்கயும் போகல" என்றாள்.

"காத்து வர்ற வழியா குண்டும் வரும்டி" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப நீங்களும் கெளம்புங்க."

அவர் எப்படிக் கிளம்புவார்? புது துரை வரும்வரை ஆபீஸ் சாவி அவர் இடுப்பில். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது, பயமும் வந்தது.

மாப்பிள்ளை அந்தச் சதுரத்தைப் பார்த்தார். பிறகு கமலாவின் கட்டிலைச் சுவர் மூலைக்குத் தள்ளினார். தன் கட்டிலைத் தூக்கிவந்து, ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் காத்து வேணும்ல மச்சான்" என்றார்.

ஃபேன் போட்டாலே சளி பிடிக்கிற மனுஷன்.