ஆயுத பூஜையன்று அணைந்த விசிறிகள்

குரல்வளையை எடுத்த நாளிலிருந்து நல்லசிவத்துக்குக் கழுத்தில் இட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அதில் சளி அடைத்தால் யாராவது ஓடிவந்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த யாராவது, அவருக்காகவே அரசாங்க வேலையை விட்ட மனைவி சாந்தகுமாரி. தலைமாட்டில் மணி வைத்துப் பார்த்தார்கள்; டெல்லி முனிர்காவின் அந்தச் சிறிய வீட்டில் மிக்சி ஓடினால் மணி எடுபடவில்லை.

விமானப்படையில் ரேடார் பழுதுபார்த்தவர் விளக்கில் வழி கண்டார். தன் கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தைச் சமையலறை பார்க்கத் திருப்பச் செய்து, அதற்குள் மாட்டும் வண்ண விளக்கு விசிறிகள் நான்கு வரவழைத்தார். கை நடுங்கியதால் மாட்டியது அவள். விசிறியின் விளக்கு வயரைப் பெட்டிக்குள் நாலு ஊசி நின்ற இடத்தில் செருகப் போனபோது கட்டிலை ஓங்கித் தட்டித் தடுத்தார். அங்கே வருவது பன்னிரண்டு வோல்ட், இந்த விளக்கு தாங்குவது ஐந்துதான் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். நான்கு வயர்களையும் விளக்கின் நிறத்தை மாற்றும் ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்து, அதன் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். சிவப்பு என்றால் வா. பச்சை என்றால் சுகம். நீலம் என்றால் டீ. நீலம் அடிக்கடி எரிந்தது. "என்னைய டீக்கடைன்னு நெனச்சியளோ?" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. அவள் பிறந்த திருநெல்வேலி வீட்டில் அன்று எந்தக் கருவியும் ஓடாது; இங்கேயும் அதே வழக்கம். சமையலை முடித்துவிட்டுத்தான் மிக்சியையே பூஜையில் வைப்பாள். காலையிலேயே கம்ப்யூட்டரை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து மூடினாள்.

'விளக்கு?' என்று எழுதினார் அவர்.

"ஒரு நாளுதானங்க. நான் இங்கனதானே இருக்கேன்."

அவரும் தலையாட்டிவிட்டார்.

வடைக்கு உளுந்து அரைக்கும்போது பழக்கதோஷத்தில் இரண்டு முறை ஹாலைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. மனம் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது அவர் சுவரைப் பிடித்தபடி சமையலறை நிலைப்படியில் நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. ரிமோட்டை விரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது.

எப்படி அவரைக் கட்டிலில் கிடத்தினாள், எப்படிக் குழாயை உள்ளே விட்டாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. கெட்டியான சளி வந்தது. மூச்சு திரும்பியது. அவர் கண்ணை மூடிக் கிடந்தார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கையைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரிடம் போனாள். 'பூஜை?' என்று சிலேட் கேட்டது.

"சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிச்சிக்கிடட்டும்."

பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் சுழன்றதும் உலர்ந்த சந்தனம் தெறித்துக் கண்ணாடியின் உட்புறமெங்கும் பொட்டுப் பொட்டாக ஒட்டியது. அதன் பின்னால் பச்சை எரிந்தது.

அவள் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பூஜைக்கு விசிறிகள் ஓடிக்கொண்டிருக்க, பெட்டியின் மேல்தான் பொட்டு வைத்தாள்.