மூன்று நாள் தள்ளிப் படுத்த அம்மா

நான் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு அறையை விட்டு வந்ததும் என் மகள், "அம்மா, உங்களைத் தொடலாமா?" என்றாள்.

"தொடலாம். எக்ஸ்ரே கதிர் உடம்பிலை தங்காது" என்று அணைத்துக்கொண்டேன். அவள் தலையில் தேங்காயெண்ணெய் மணத்தது. அந்த மணத்தோடு, போர்க்காலத்தில் சிறுமியாக நான் என் அம்மாவோடு வெள்ளவத்தையில் இருந்த வாடகை அறை கண்முன் மெல்ல விரிந்தது.

கனடா விசாவுக்காக அம்மா நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்திருந்தா. பக்கத்து அறைக்காரர் சொன்னதை நம்பி, "கிட்ட வராதை பிள்ளை, என்ரை உடம்பிலை கதிர் இருக்கு" என்று பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டா. அம்மாவுக்கு என்னில் கோபமாக்கும் என்று நினைத்து, கடல் இரைச்சலைக் கேட்டபடி சத்தமில்லாமல் அழுதேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் எங்கோ குண்டு வெடித்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா ஓடிவந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டா.

"கதிர்?" என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும்" என்றா. இருட்டும்வரை கையை எடுக்கவேயில்லை.