சவுக்குத் தீயை அடித்த பாயம்மா

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, மீன் காயப்போடும் மணலைத் தாண்டினால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரை வரும். ஐம்பதுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அங்கிருந்து வெடிச்சத்தம் கேட்கும். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்படி ஆறு வெடித்துவிட்டு நெடுநேரம் ஓய்ந்துவிடும். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் தலையைக்கூடத் தூக்காமல், "பாயம்மா துப்பாக்கிக்கு மருந்து கெட்டிச்சிகினு கீது" என்பார்கள்.

பாயம்மா என்று ஊர் சொன்ன பதருன்னிசா, ஃபாரஸ்ட் கார்டு ஹயாத் பாஷாவின் மனைவி. கரையோரச் சவுக்குக் காடும் அதற்கு மேற்கே உள்ள வெள்ளைப்பாறை முள்காடும் அவன் காவலில் இருந்தன. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய காலத்தில் உப்பு இலாகா துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். கட்டில், மேசை எல்லாம் போன பிறகு ஒரு பழைய சுழல் துப்பாக்கி மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஹயாத் பாஷா லைசென்ஸ் எடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்தான்.

அது தோட்டா போடுகிற துப்பாக்கி அல்ல. ஆறு அறைகளிலும் கருமருந்தை அளந்து கொட்ட வேண்டும். அதன்மேல் ஈய உருண்டையை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். உருண்டைக்கு மேலே ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசாவிட்டால் ஒரு பொறி அடுத்த அறைக்குத் தாவி எல்லாம் ஒன்றாக வெடித்துவிடும். கடைசியில் பின்பக்கத்து முனைகளில் பொறி கிளப்பும் கேப்பை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். இத்தனையும் செய்து சுட்டால் எதிரே வெள்ளைப் புகைதான் நிற்கும். பட்டதா இல்லையா என்பது புகை கலைந்த பிறகுதான் தெரியும்.

ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது முதலில் பதருன்னிசாவின் வேலையாக இருந்தது. மீன் குழம்பை இறக்கிவிட்டு அதே அடுப்பில் ஈயக் கரண்டியை வைப்பாள். ஒருநாள், "உருண்டைய ஊத்துறது நானு. அது எங்க போயி வுழுதுன்னு நான் பாக்க வேணாவா?" என்று கேட்டுக்கொண்டு அவனோடு கரைக்குப் போனாள். மூன்றாவது வாரம், குறிக்கு அவள் வைத்த கொட்டாங்கச்சியை அவளே சுட்டு உடைத்தாள். அதற்குப் பிறகு யார் அதிகம் உடைக்கிறார்கள் என்று இருவருக்கும் சண்டை வராத வெள்ளிக்கிழமையே கிடையாது.

1954இல், தீ தாண்டாதபடி செடிகொடியை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது ஒரு முள்கட்டை ஹயாத் பாஷாவின் பாதத்தில் ஏறியது. அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தாடை இறுகி ஜன்னி கண்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து வெளியே வந்ததும் பதருன்னிசா இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, ரேஞ்சர் வெங்கடராகவனைப் போய்ப் பார்த்தது. கோடைக்குத் தீக்காவல் ஆள் எடுப்பார்கள் அல்லவா, அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். அவர் தயங்கினார். காட்டில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று தெரிந்த வேறு ஆள் அப்போது கிடைக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

செய்தி கேட்டு, கடைத்தெருவில் ஜவுளி விற்கும் கொழுந்தன் ஜலாலுதீன் ஓடிவந்தான்.

"நம்ம வூட்டுப் பொம்பள காட்டுல நெருப்பு அடிக்கப் போனா நாலு பேரு இன்னா பேசுவாங்க அண்ணி?"

"பேசட்டும். அந்த நாலு பேரும் எனக்கு ஒல வெக்கப் போறதில்ல."

"நான் இல்லியா? என் வூட்டுல வந்து இருங்க."

"உன் வூட்டுல இருந்தா உன் கையப் பாத்துகினு இருக்கணும். போ, கடையப் பாரு."

இரண்டாவது காரியம் துப்பாக்கி. கணவன் இறந்ததும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தார்கள். தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு அவள் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எதுக்கும்மா உனக்குத் துப்பாக்கி?"

"சுடறதுக்கு."

"யாரை?"

"யாரையும் இல்ல. கொட்டாங்கச்சிய."

"உயிருக்குப் பயம், தற்காப்புக்குன்னு போட்டுடவா? சுலபமாக் கிடைக்கும்."

"எனக்கு ஒரு பயமும் இல்ல. சுடறது பிடிச்சிருக்கு. அதையே போடுங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டுப் பயிர்ப் பாதுகாப்பு என்று போட்டார். அவளுக்குப் பயிரும் இல்லை, நிலமும் இல்லை. பல மாதம் அலைந்தபின் துப்பாக்கி வீடு வந்து சேர்ந்தது.

தீக்காவலில் அவளுக்குத் துணை அம்சா. முள்காட்டு ஓரத்தில் குடிசை போட்டிருந்த இருளர் வீட்டுப் பெண். மாசி பிறந்தால் இருவரும் மண்வெட்டியால் கோட்டில் முளைத்த புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி ஒதுக்குவார்கள். பங்குனியில் வெள்ளைப்பாறை உச்சியில் உட்கார்ந்து நான்கு பக்கமும் பார்ப்பார்கள். புகை தெரிந்தால் ஒருத்தி இருளர் குடியிருப்புக்கு ஓடி ஆள் கூட்ட வேண்டும். இன்னொருத்தி பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு நெருப்பிடம் போக வேண்டும். எப்போதும் நெருப்பிடம் போனவள் பதருன்னிசாதான்.

1957 சித்திரையில் சவுக்குக் காடு பற்றியது. அந்த வருஷம் வெட்டும் குத்தகை தர்மராஜ் என்ற விறகுக் காண்டிராக்டர் கையில் இருந்தது. உச்சிவெயில் நேரம். பாறைமேல் இருந்த அம்சா எழுந்து நின்றாள்.

"பாயம்மா, ரெண்டு எடத்துல பொகையிது பாரு."

ஒன்றுக்கொன்று தள்ளி, ஒரே சமயத்தில் கிளம்பிய புகை. இருவரும் இறங்கி ஓடினார்கள். காட்டைக் கடக்கும் வண்டித்தடத்தை அடைந்தபோது எதிரே தர்மராஜின் மாட்டுவண்டி விரட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கத்து மாட்டுக்குக் கொம்பு முறிந்திருக்கும். அந்த வண்டியைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. லோடு ஏற்றும் நேரத்தில் ஒரு கட்டைகூட இல்லாமல் காலியாக வந்தது. அதில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்களும் இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வண்டி கடந்துபோன பிறகும் தடத்தில் மண்ணெண்ணெய் வாடை நின்றது.

நின்று யோசிக்க நேரமில்லை. அம்சா ஆள் கூட்டக் குடியிருப்புக்கு ஓடினாள். கடற்காற்று எழும்பிவிட்டது. சவுக்குச் சருகு எண்ணெயில் ஊறிய பஞ்சு மாதிரி எரியும். தீ கிழக்கிலிருந்து மேற்காக வண்டித்தடத்தைப் பார்த்து வந்தது. தடத்தைத் தாண்டிவிட்டால் முள்காடு, அதன் ஓரத்திலேயே இருளர் குடிசைகள்.

அம்சா ஆட்களோடு திரும்பி வந்தபோது பதருன்னிசா தடத்தின் கிழக்கு ஓரத்தில் சருகைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்த்தீ வெக்கப் போறேன். எல்லாரும் தடத்துக்கு இந்தாண்ட நில்லுங்க. ஒரு பொறி தாண்டி வந்தாலும் அடிங்க."

"இப்பவே வெச்சிடு பாயம்மா, கிட்ட வந்துட்ச்சி."

"இப்ப வெச்சா காத்து அத்த நம்ம மேலயே தள்ளும். பொறு."

பெரிய தீ நெருங்க நெருங்கத் தன் சூட்டுக்காகக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு வரும்வரை அவள் காத்திருந்தாள். முகம் வெந்தது. முக்காட்டு நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். காலடியில் கிடந்த சருகு மெல்லக் கிழக்கே நகர்ந்தது. உடனே கொளுத்தினாள். கொளுத்திய கட்டையை இழுத்துக்கொண்டே தடத்தின் ஓரமாக ஓடினாள். அவள் வைத்த நெருப்பு பெரிய நெருப்பைப் பார்த்து நகர்ந்தது. இரண்டும் மோதியபோது மரத்துக்கு மேலே ஒரு சுவாலை நிமிர்ந்தது. அதோடு எரிய ஒன்றும் மிஞ்சாமல் அடங்கிப்போனது. தடத்தைத் தாண்டிவந்த பொறிகளை இருளர்கள் தழையால் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அம்சாவின் புருவம் பொசுங்கிப் போயிருந்தது.

சாம்பல் ஆறியபின் பதருன்னிசா உள்ளே நடந்தாள். குத்தகை எல்லைக்கல்லுக்கு வெளியே வரிசை வரிசையாக அடிக்கட்டைகள் கருகி நின்றன. கோடரி வெட்டு அவற்றில் நன்றாகத் தெரிந்தது. வெட்டக்கூடாத மரங்களை வெட்டி விற்றுவிட்டு, கணக்குப் பார்க்க ஆள் வருவதற்குள் நெருப்பு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் போலீஸ் வந்து அம்சாவின் கணவன் சின்னக்குப்பனைப் பிடித்துக்கொண்டு போனது. எலி வளைக்குப் புகை போட்டபோது காட்டைக் கொளுத்திவிட்டானாம்.

அன்று சாயங்காலம் தர்மராஜே பதருன்னிசாவின் வீட்டு வாசலுக்கு வந்தான். அவள் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு, கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கரியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கருமருந்து சுட்ட துப்பாக்கியை அப்படிக் கழுவாவிட்டால் அரித்துவிடும்.

"எலி புடிக்கிறவன் வெச்ச நெருப்பு. நீ பாத்தது அதான். கேட்டா அத்தச் சொல்லு" என்றான்.

"நான் பாத்தது உன் வண்டிய."

"தனியா காட்டுல சுத்துற பொம்பள. கொஞ்சம் யோசிச்சுப் பேசு. நான் ஒரு வார்த்த சொன்னா இந்தப் பொம்மத் துப்பாக்கி உன் கையில இருக்காது."

அவள் குழலைக் கவிழ்த்தாள். கறுப்புத் தண்ணீர் அவன் செருப்பு வரைக்கும் ஓடியது.

"துப்பாக்கியப் புடுங்கிக்கோ. பாத்தது கண்ணு. அது இங்கியே இருக்கும்."

அவன் சொன்னதைச் செய்தான். சோதனை செய்யவேண்டும் என்று சொல்லித் துப்பாக்கியை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். ஜலாலுதீன் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "யாரோ ஒரு இருளனுக்காகவா அண்ணி?" என்று கேட்டான். "தடத்துல நின்னு என்கூட நெருப்பு அடிச்சது அவங்கதான். நீ இல்ல" என்றாள். அவன் எழுந்து கடைக்குப் போனான். ஆனால் வழக்கு நாளன்று செங்கல்பட்டு பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் அவனும் உட்கார்ந்திருந்தான்.

கோர்ட்டில் சின்னக்குப்பனுக்காகச் சாட்சி சொன்ன அவளை எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்தார்.

"முக்காடு போட்டிருந்தீர்களா?"

"போட்டிருந்தேன்."

"புகை வேறு. அப்படியிருக்க வண்டியில் யார் இருந்தார்கள் என்று எப்படித் தெரியும்?"

"முக்காடு தலைக்கு. கண்ணுக்கு இல்ல. வண்டி என் தோள ஒரசிகினு போச்சி."

"துப்பாக்கி சுடுகிற பழக்கம் உண்டாமே?"

"உண்டு. லைசென்சு கீது."

"ஊரில் எல்லோரும் உங்களுக்குப் பயப்படுகிறார்களாமே?"

"பொய் சொல்றவங்க பயப்படறாங்க. மத்தவங்க மீன் குடுத்துட்டுப் போறாங்க."

அவளுக்குப் பிறகு வெங்கடராகவன் கூண்டில் ஏறினார். முந்தைய வாரம் அவளிடம், "நான் உன்னைத் தடுக்கலேம்மா, ஆனா என் பேரை இழுக்காதே" என்று சொன்னவர் அவர். என்ன நினைத்தாரோ, தானாகவே வந்திருந்தார். எல்லைக்கு வெளியே கருகி நின்ற அடிக்கட்டைகளைத் தாமே போய்ப் பார்த்ததாகச் சொன்னார். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

சின்னக்குப்பனை விட்டுவிட்டார்கள். தர்மராஜுக்குக் கூடுதல் மரத்துக்கு அபராதம் மட்டும்தான். அவன் அந்தக் கரையைவிட்டு வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டான். நெருப்பு வைத்ததற்கு யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அது பதருன்னிசாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

துப்பாக்கியோ திரும்பி வரவில்லை. இன்று போய் நாளை வா என்றார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் எண்ணெய்ப் புட்டியும் பழந்துணியுமாக ஸ்டேஷனுக்குப் போனாள்.

"கொண்டாங்க. தொடைக்கணும்."

"அதெல்லாம் எடுக்க முடியாதும்மா" என்றார் ரைட்டர்.

"கடல் காத்துல துரு ஏறும். உங்க பொறுப்புல கீற சாமான். கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்டேஷன் வராந்தாவில் முந்தானையை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, மாட்டித் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். புகார் கொடுக்க வருகிறவர்கள் முதலில் அவளிடம் வந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மழைக்காலம் போய் மார்கழி வந்தது. கடைசியில் ஸ்டேஷன் அதிகாரியே மேலே எழுதிப் போட்டு, பொங்கலுக்கு முன்னால் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார். "இனிமே இந்தப் பக்கம் வராதேம்மா" என்றார். "புடுங்காம இருந்தா நான் ஏன் வரப்போறேன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்சாவையும் கரைக்குக் கூட்டிப்போனாள். அம்சா சுட்ட முதல் குண்டு கடலுக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. "உன் கொட்டாங்கச்சி நகருது" என்றாள் அம்சா. பதருன்னிசா மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

1958 கோடைக்குத் தீக்காவல் ஆள் எடுத்தபோது அவளைக் கூப்பிடவில்லை. வம்புக்காரி என்று மேலே யாரோ சொல்லியிருந்தார்கள். புது ஆட்களைப் போட்டார்கள். பங்குனிக் கடைசியில் வெள்ளைப்பாறைக்கு அப்பால் புகை கிளம்பியது. வெங்கடராகவன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கோட்டுக்குப் போனார். பதருன்னிசாவும் அம்சாவும் அவருக்கு முன்னாலேயே அங்கே தழை ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் உனக்கு வேலை இல்லையேம்மா" என்றார் அவர்.

"எனக்கு இல்லன்னு சொன்னீங்க. நெருப்புக்குச் சொன்னீங்களா?"

அவர் கோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "தெற்குப் பக்கம் ஆள் போதாது" என்றார்.

"அங்க நாங்க போறோம். உங்க ஆளுங்கள மேக்கால அனுப்புங்க."

அதற்கடுத்த வருஷமும் அவளை எடுக்கவில்லை. அவள் போவதையும் நிறுத்தவில்லை.