சளி எது, கட்டி எது

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணா கப்பலேறி வந்து சேர்ந்தபோது, அவருடைய இடப்பக்க மூக்கு எட்டு மாதமாக அடைத்துக் கிடந்தது. சில நாள் இரத்தமும் கசியும். கொழும்பில், வெள்ளவத்தையில் என் ஒற்றை அறையில் அவருக்குப் பாய் விரித்தேன். வடக்கிலிருந்து வந்தவரென்று பொலிஸில் பதிவதற்கே இரண்டு நாள் போயிற்று. பிறகு கிளினிக், சீ.டி. ஸ்கான், மறுபடி கிளினிக்.

படத்தில் கன்னத்துக்குள்ளிருந்து கண்ணின் கீழ் எலும்புவரை ஒரே சாம்பல் நிறம்.

“இதில எது கட்டி, எது தேங்கின சளி எண்டு பிரிச்சுச் சொல்லேலாது” என்றார் டொக்டர். “எம்.ஆர்.ஐ. எடுங்கோ. கட்டி கண்ணுக்குள்ள போயிருந்தால் கண்ணையும் எடுக்க வேண்டி வரலாம்.”

எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறித்துக்கொண்டு திரும்பினோம்.

அன்று ஸ்கான் எடுக்கும் சிங்கள இளைஞர் கேட்டதை அண்ணாவுக்குச் சொன்னேன்.

“உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார்.”

“இல்லை.”

அது பெரிய காந்தம், இரும்பு இருந்தால் ஆபத்து என்று அந்த இளைஞர் அழுத்திச் சொன்னார். அண்ணா நிலத்தைப் பார்த்தார்.

“தொடையில ஒரு ஷெல் துண்டு கிடக்கு. மூண்டு வருசம்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னால் செக்பொயின்ற்றில நீ முழிச்சே காட்டிக் குடுத்திடுவாய்.”

காயத் தழும்புள்ள தமிழனைப் புலியென்று பிடித்துக்கொண்டுபோகும் காலம். அதை நானே சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அந்த இளைஞர் டெலிபோனை எடுத்தார். பொலிஸுக்குத்தான் என்று நினைத்தேன். அண்ணாவின் கையைப் பிடித்தபடி சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் ஸ்கான் டொக்டர். தொடையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். துண்டு சிறியது, தசைக்குள் இறுகியது, பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே அனுப்பினார். சூடோ இழுப்போ தெரிந்தால் அழுத்தச் சொல்லி அண்ணாவின் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அண்ணா அதை அழுத்தவில்லை.

பிறகு அந்த டொக்டரே படத்தை வெளிச்சத்தில் வைத்து எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது சளி. மங்கலாக, மூளையின் மடிப்புகள்போல் வரிவரியாக ஓடுவதுதான் கட்டி. அந்த வரி குலையாமல் இருப்பதால் புற்றுநோயாக இருக்காது என்று நினைப்பதாகவும், மூக்கிலிருந்து சதை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி சொல்லலாம் என்றும் சொன்னார். கண்ணின் கீழே இருந்தது வெறும் சளி.

சதைச் சோதனையும் புற்றுநோய் இல்லை என்றே சொன்னது.

“அப்ப கண்ணுக்கு ஒண்டுமில்லை, என்ன?”

“ஓம் அண்ணா.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கும் சந்தோசப்படச் சக்தி இருக்கவில்லை. சோற்றை அடுப்பில் வைத்தேன்.

கட்டியை எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மீண்டும் வந்தது, மீண்டும் எடுத்தார்கள். அண்ணா இரண்டு கண்ணோடும் இருக்கிறார்.