ஒரே ஒரு சமச்சீர்

அலை ஒன்று நேரம் போகப் போக எப்படி உருமாறும் என்று சொல்லும் இரட்டைச் சமன்பாடு அது. திருச்சியில் பிஎச்.டி. ஆய்வில் நான்கு வருடம் அதோடுதான் மல்லுக்கட்டினேன். ஒரு தீர்வை இன்னொரு தீர்வாக மாற்றும் வழிக்குச் சமச்சீர் என்று பெயர். அப்படி எண்ணற்ற சமச்சீர்கள் இருந்தால் சமன்பாடு முழுக்க வசப்படும் என்பார்கள்.

எல்லாச் சமன்பாட்டுக்கும் இருக்கும் சாதாரணமானவற்றைத் தள்ளி, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். கைடு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஒண்ணு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்மா. எண்ணற்றதுன்னு எழுதிடுங்க. தீசிஸ் முடிஞ்சுது."

சமச்சீர்களை எளிதானதிலிருந்து சிக்கலானது வரை படிப்படியாகத்தான் தேட முடியும்; அடுத்த படியில் தேடினேன். இல்லை. அதற்கடுத்த படியிலும் இல்லை. கைலாசபுரம் வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒரு வார்த்தைதானே, எழுதிட்டுப் போயேன்டி."

"அந்த ஒரு வார்த்தைதாம்மா பொய்."

ஆய்வுக் குழுவின் முன் பேசிய அன்று, 'எண்ணற்ற சமச்சீர்கள் உண்டு' என்ற வரி திரையில் இல்லாததைக் கைடு கவனித்துவிட்டார்.

"அந்த வரி எங்க?"

"எடுத்துட்டேன் சார். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

"எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க."

"எழுதட்டும் சார். நான் எழுத மாட்டேன்."

மற்ற இரண்டு பேராசிரியர்களும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைடின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப வேற இல்லைன்னு நிரூபிச்சுட்டு வாங்க," என்றார். "வரேன் சார்," என்றேன்.

பதினான்கு மாதங்கள் ஆயின. சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் டியூஷன் எடுத்தேன், பகலில் கணக்கு. சமச்சீர் உண்டா என்ற கேள்வியை, ஒரு பல்லுறுப்புக்கோவை இன்னொன்றை மீதியில்லாமல் வகுக்குமா என்ற கேள்வியாக மாற்றிய பிறகுதான் பிடி கிடைத்தது. நான் முன்பே கண்டுபிடித்த அந்த ஒரே ஒரு படியில்தான் வகுபட்டது. அதைத் தவிர எந்தப் படியிலும் வகுபடாது என்று நிரூபித்தேன்.

கைடு இரண்டு வாரம் வைத்திருந்து படித்தார். ஓரிடத்தில் பென்சிலால் சுழித்திருந்தார். அது உண்மையான பிழை. திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

"ரொம்பப் பிடிவாதம் உங்களுக்கு."

"ஆமா சார்."

பிறகு ஒரு கல்லூரி நேர்காணலில், தீசிஸ் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். இல்லாததை இருக்கிறது என்று எழுத மறுத்ததால் என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது முசிறிப் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். நாளைக்கே யாராவது அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதில்தான்.