தொங்கும் சங்குக்கொடி

கொழும்பில் கொடிகள் கீழ்நோக்கி வளர்கின்றன. ஊரிலிருந்து இதைப் படிக்கும் சகோதரிகள் சிரிப்பீர்கள். நான்கு வருஷத்துக்கு முன், கொட்டாஞ்சேனையில் இந்த வீட்டு வாசலில் பெட்டிகளோடு வந்து இறங்கியபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் பாளையங்கோட்டையில் கொடி என்றால் மண்ணில் ஊன்றுவோம். ஒரு கயிற்றைக் காட்டிவிட்டால் போதும், அது பற்றிக்கொண்டு பந்தலுக்கோ வேலிக்கோ தானாக ஏறிவிடும். இங்கே எங்கள் வரிசையில் எட்டு வீடுகள் இருக்கின்றன. எட்டுக்கும் சேர்த்து ஒரு முழம் மண் கிடையாது. கதவைத் திறந்தால் சின்ன விறாந்தை, அடுத்தது சிமெந்து வாய்க்கால், அதற்கப்புறம் தெரு. ஆகவே இங்குள்ளவர்கள் தேங்காய் மட்டைகளைக் கம்பியால் கூடைபோலக் கட்டி, மண் நிரப்பி, கூரை விளிம்பில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். ஏறுவதற்கு ஒன்றும் இல்லாத கொடி வழிந்து தொங்கி, அந்தரத்திலேயே பூக்கிறது. வந்த மறுநாள் காலையில் பால்காரனுக்காக வெளியே வந்த என் கழுத்தில் ஏதோ உரசியது. பாம்பு என்று அலறிவிட்டேன். அடுத்த வீட்டு மெகி நோனாவின் பூங்கொடி அது.

மெகி நோனாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிங்களக் கத்தோலிக்கப் பெண். நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி. என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அவள் நாள் முழுவதும் விறாந்தையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். அவள் விறாந்தைக்கும் என் விறாந்தைக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் கதைப்பாள், ஆனால் அது அவள் தைக்கும் சட்டையைப் போல, எதிராளியின் அளவுக்கு அங்கங்கே பிடித்து விட்டுக்கொள்ளும் தமிழ். என் திருநெல்வேலிப் பேச்சு அவளுக்குப் பாதி புரியாது. அவளுடைய வேகம் எனக்குப் பாதி புரியாது. இரண்டு பாதிகளையும் வைத்துக்கொண்டு நான்கு வருஷம் ஓட்டிவிட்டோம்.

புறப்படும்போது என் மதினி ஒரு மஞ்சள் துணியில் சங்குப்பூ விதைகளை முடிந்து கொடுத்திருந்தாள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போதுகூட அந்த முடிச்சை இடுப்பில்தான் செருகியிருந்தேன். ஆனால் இங்கே வந்து அதை விதைக்கவில்லை. புறக்கோட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தோம். போகப்போகிற இடத்தில் எதற்கு விதைப்பது என்று அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். நம்மில் பலர் வீட்டில் அப்படி ஒரு டின் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் என் மகள் கோமதிக்குக் காய்ச்சல் கண்டது. பதினொரு வயது. முதல் வாரம் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் வாரம் டைபாய்டு என்றார்கள். மூன்றாம் வாரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணியதும், எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதும் மட்டும் இன்னும் என் விரல்களில் அப்படியே இருக்கிறது. மெகி நோனா தினமும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணி கட்டிய பானையில் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவாள். மாதா கோவிலில் மெழுகுவர்த்தி கொளுத்தியதாகவும் சொன்னாள். பிள்ளை பிழைத்தாள். இடுப்புவரை இருந்த முடியெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட, மிச்சத்தை நாங்களே மழித்துவிட்டோம்.

அவள் எழுந்து நடந்தாள். நான்தான் படுக்கையில் கிடப்பவள்போல ஆகிவிட்டேன். பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். வாய்க்கால் பக்கமே அவளை விடமாட்டேன். இந்த ஊர்த் தண்ணீரும் மழையும் நெரிசலும் சேர்ந்து என் பிள்ளையை இன்னொரு தரம் கேட்கும் என்று உறுதியாக நம்பினேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் அண்ணனுக்கு எழுதினேன். பிள்ளையைக் கூட்டி வந்து எங்களிடம் விட்டுப் போ, இங்கே வளரட்டும் என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, காய்ச்சல் அங்கேயும் வரும், ஆனால் உன் மனசு எது சொல்லுதோ அதைச் செய் என்றார்.

கோமதியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, இந்த விதையைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். போடு என்றேன். இது பூத்த பிறகு போகிறேனே என்றாள். சங்குப்பூவுக்கு ஒன்றரை மாதம் போதும். பங்குனியில்தான் அவருக்கு லீவும் கிடைக்கும். சரி, முதல் பூ பூத்த மறுவாரம் ரயில் என்று வாக்குக் கொடுத்தேன்.

தையில் விதைத்தோம். சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கும். விறாந்தைச் சிமெந்தில் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தோலைக் கீறி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் பொறுக்கினோம். இருபதில் ஏழு உப்பின. ஏழில் மூன்று முளைத்தன. மெகி நோனா ஒரு தேங்காய் மட்டைக் கூடை கொடுத்தாள். மட்டைத் தூளும் மணலும் மக்கிய இலையும் கலந்து நிரப்பினோம். தரையில் நிற்கும் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பரவாயில்லை. காற்றில் தொங்கும் செடிக்கு அது ஆகாது. நாலு பக்கமும் உலர்ந்துவிடும். காலையில் அடி சொட்டும்வரை ஊற்ற வேண்டும். சொட்டு என் தலையில் விழும். துறைமுகத்துக் கரித்தூள் இலையில் படியும். அதைக் கோமதி ஈரத் துணியால் துடைப்பாள்.

எனக்கு மட்டும் அது தொங்குவது பொறுக்கவில்லை. ஏறட்டுமே என்று கூடையிலிருந்து தூணுக்கு ஒரு கயிறு கட்டினேன். மறுநாள் பார்த்தால் அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரி மெகி நோனாவிடம் தைக்கக் கொடுத்த மூன்று உள்பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு நாளும் துணி போட இடமில்லாமல் கஷ்டப்பட்டதைக் கவனித்துக் கயிறு கட்டித் தந்ததற்காக மெகி நோனா எனக்கு நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு கயிறு அவளுடையதாகிவிட்டது.

மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. கொடி பச்சைப்பசேலென்று புதர்போல அடைத்துக்கொண்டதே தவிர ஒரு பூவும் இல்லை. அவருடைய லீவு தள்ளிப்போனது. அண்ணனிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. சித்திரையில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றும்போதுதான் பார்த்தேன்: கொடியின் நுனிகள் இல்லை. ஒன்றிரண்டு அல்ல, கண்ணில் பட்ட எல்லா நுனியும். வாய்க்கால் ஓரத்தில் வாடிய கொழுந்துகள் சில கிடந்தன.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிஞ்சை விரலால் சுட்டினாலே அழுகிவிடும் என்று கையை மடக்கிக் காட்டுகிறவர்கள் நாம். மல்லிகையைக் கவாத்துச் செய்வது வேறு. அது முற்றிய செடி, தோட்டக்காரனின் வேலை. விதையிலிருந்து வந்த இளங்கொடியின் கொழுந்தைக் கிள்ளுவது பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் செய்யாத காரியம். அதுவும் நோயிலிருந்து எழுந்த பிள்ளை வைத்த கொடியில். திரும்பிப் பார்த்தேன். சுவருக்கு அப்பால் மெகி நோனா கையில் கத்தரிக்கோலோடு தன் கொடிகளின் நுனியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் பேசியது எனக்கே ஞாபகம் வைத்துக்கொள்ளப் பிடிக்காத பேச்சு. "செத்துப் பொழைச்ச பிள்ள வச்ச செடி. அதுல கை வைக்க உனக்கு எப்படிட்டி மனசு வந்துச்சு?" என்று தொடங்கி, கள்ளி என்பதுவரை போனேன். தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தவள் என்பதும் மறந்துபோயிற்று.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. வெட்டும் முறையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "ஓம் அக்கே, நுனி வெட்டினாத்தான் நல்லம். ஒண்டு வெட்டினா ரெண்டு வரும். பூ கொஞ்சம் சுணங்கும், ஆனா நிறைய வரும்" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துத்தான் மெஷின் மேல் கத்தரிக்கோலை வைத்தாள். சுவரோரம் வந்து என் கொடியை இழுத்து ஒரு நுனியைப் பார்த்தாள். பிறகு தன் கொடி நுனி ஒன்றைப் பக்கத்தில் பிடித்தாள்.

"பாருங்க. நான் வெட்டினா இலைக்கு மேலே, நேரா. தையல்காரி அக்கே நான், கோணல் வெட்டுத் தெரியாது. இது கத்தரி இல்லை. நகம்."

நசுங்கிப் பழுப்பேறிய நுனிகள். கூடையின் கீழ்ப்பாதியில் மட்டும், ஒரு முக்காலியில் ஏறி நின்றால் ஒரு சிறுமியின் கை எட்டுகிற உயரம் வரையில். நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே, கம்பியருகே, இரண்டு மூன்று நுனிகள் கைபடாமல் ஆடிக்கொண்டிருந்தன.

உள்ளே கோமதி கதவருகே நின்றிருந்தாள். கையைக் காட்டு என்றேன். கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் பச்சை படிந்திருந்தது.

"ஏட்டி, மொட்டு வந்துச்சா?"

"மூணு தரம் வந்துச்சும்மா. கிள்ளிட்டேன்." பிறகு மெதுவாக, "பூத்தா போகணும்லா" என்றாள்.

மெகி நோனா தன் கொடியை வெட்டும்போது ஏன் என்று இவள் கேட்டாளாம். பூ சுணங்கும், அதாவது தாமதமாகும், என்று அவள் சொன்ன ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாளாம். அங்கே மாமா இருக்கிறார், கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, ஏன் போகப் பயம் என்று கேட்டேன். பயமில்லை என்றாள். காய்ச்சல் வந்தபோது நீ பக்கத்தில் இருந்தாய், அங்கே வந்தால் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். நான் அவளை அனுப்ப நினைத்ததும் அந்தக் காய்ச்சலுக்குப் பயந்துதான். ஒரே பயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பக்கமாக இழுத்திருக்கிறோம். இழுபட்டது கொடி. முளைக்கும் கொழுந்தையெல்லாம் தானே கிள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்று மாதம் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மழித்த தலையில் மூன்று விரற்கடை முடி முளைத்திருந்தது. அதில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அன்று மாலை அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஜவுளிக்கடைக்குக் கடிதம் எழுதுகிறவர் மகளையே ஒரு முதலாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒரு மாசம் என்னைய லீவு தள்ளிப்போட வச்சிருக்கா. எங்க கடை மேனேஜரால கூட முடியாது" என்றார். பிறகு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அண்ணனுக்கு நானே எழுதினேன். பிள்ளை இங்கேயே இருக்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைக்க எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்து வீட்டில் துணைக்கு ஆளும் இருக்கிறது என்று எழுதினேன்.

மெகி நோனாவிடம் போவதுதான் கடினமாக இருந்தது. மறுநாள் ஒரு தட்டு சுசியம் சுட்டு, சுவர்மேல் வைத்துவிட்டு நின்றேன். அவள் ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இப்ப நான் கள்ளி இல்லையா அக்கே?"

"இல்லை."

"அப்ப அந்தக் கயிறு எனக்குத்தானே?"

உனக்குத்தான் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

கிள்ளுவதை நிறுத்தியதும் கொடி இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் காட்டியது. கிள்ளிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கிளை. ஒவ்வொரு கிளையிலும் பூ. வைகாசி மழைக்கு முன் ஒரு காலையில் பதினெட்டு பூக்கள் எண்ணினோம். நீலம், நடுவில் மட்டும் வெண்மை. பாதியை எங்கள் பிள்ளையாருக்குக் கோமதி எடுத்து வைப்பாள். பாதியை மெகி நோனா, மாதாவுக்கு நீலம்தான் பொருத்தம் என்று வாங்கிப் போவாள். வாடிய பூவை அன்றன்றே எடுத்துவிட்டால் அடுத்தது விரைவாக வரும். நெற்றுக்கென்று நாலைந்தை மட்டும் விட்டு வைத்தேன். பிஸ்கட் டின்னில் இப்போது அந்த விதைகள் இருக்கின்றன. மதினிக்கும் ஒரு முடிச்சு அனுப்பினேன்.

கோமதி மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். என் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மழை இருட்டினால் இப்போதும் என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கும். ஆனால் எண்ணிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறேன். கொடி அடர்வதற்காகப் பத்து நாளைக்கு ஒருமுறை நுனி கிள்ளவும் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கிள்ளியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு நுனியை மட்டும் கிள்ளுவதில்லை. அது கீழே நன்றாகத் தொங்கி இறங்கி, கடைசி ஒரு சாணில் மட்டும் வளைந்து, மறுபடி மேலே பார்க்கிறது. பாளையங்கோட்டைப் பந்தலைத் தேடுகிறதோ என்னவோ. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. கடற்காற்றில் சும்மா துழாவிக்கொண்டிருக்கிறது. காலையில் கோமதி படியிறங்கும்போது அது அவள் தலையைத் தொடும். பூ வைக்கும் அளவுக்கு இன்னும் வளராத முடிதான். என்றாலும் அந்தச் சுருள்நுனி ஒரு கணம் அதில் சிக்கிக்கொள்கிறது. அவள் நின்று, பிய்க்காமல் விடுவித்துவிட்டு, தெருவில் இறங்கிப் போகிறாள்.