கமலநாதனின் வார ஊசி

என் வீட்டுக்காரர் கமலநாதன் மலேசியாவில், கிள்ளானில் இருபத்தாறு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறார். மழைக்கும் ஜாமுக்கும் அசராத மனுஷர், ஊசியைக் கண்டால் மட்டும் நடுங்குவார். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதிக்குத் தினமும் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். போன வருடம் தோள்பட்டை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார், ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் நிறுத்தினால் போதும் என்று அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை குடலிறக்கம். எட்டு மாதம் காத்திருந்து, பள்ளி விடுமுறையில் கிடைத்த தேதி. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவர் ஏப்பம் விட்டார். முதல் நாள் இரவு தின்ற முருங்கைக்கீரை வாடை. ராத்திரி தின்றது இன்னுமா செரிக்கவில்லை?

“ஏங்க, ஃபிரிஜ்ல புது ஊசி ஒண்ணு பார்த்தேனே, அது என்னா?”

“மெதுவா பேசு லா. சுங்கை வேயில இருக்கானே நம்ம கூட்டாளி வாசு, அவன் குடுத்தான். அவனுக்கும் இனிப்புநீர்தான். அவனோடது வாரத்துக்கு ஒரே குத்து. எல்லாம் ஒரே மாதிரி மருந்துதான்.”

“எப்ப குத்துனீங்க?”

“ஞாயித்துக்கிழம. ரெண்டு நாள் ஆச்சே! நீ வாயத் தொறந்தே, தேதி போயிரும்.”

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சல்மா வந்து, சர்க்கரை ஊசியை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். “அதெல்லாம் ரெண்டு நாளா போடல டாக்டர்,” என்றார் இவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை! கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டார். இவர் என்னை முறைத்தார். திட்டினால் திட்டட்டும் என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“டாக்டர், இவரு கூட்டாளியோட வார ஊசியப் போட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமதான் போட்டாரு!”

டாக்டர் முகம் மாறியது. ஸ்கேன் கருவியை வரவழைத்து வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

“அங்கிள், நேத்து சாப்பிட்டது இன்னும் உள்ளயே இருக்கு. தினம் போடுற ஊசி சீக்கிரம் இறங்கிடும். வார ஊசி ஒடம்புல வாரக்கணக்கா நிக்கும், வயித்த மெதுவாக்கும். அதுவும் அடுத்தவங்க மருந்து, அவங்க அளவு! மயக்கத்துல சாப்பாடு மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிருந்தா உயிரே போயிருக்கும்!”

ஆபரேஷன் தள்ளிப்போனது. கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ என் கையைப் பிடித்தார்.

“இத்தன வருசத்துல ஒரு புள்ளையக்கூட நடுவழியில விட்டுட்டு வந்ததில்ல, வாணி. இன்னிக்கு உன்ன விட்டுட்டுப் போயிருப்பேன்.”